வன்னியில் பாறையும் குகையும்: பிள்ளைகளோடும் மூத்தோரோடும் ஒரு நாள் போய்வர

காட்டுக்கு நடுவே திடீரென்று எழுந்து நிற்கும் கருங்கல் மலையையும் அதன் அடியில் இருண்டு கிடக்கும் குகையையும் முதன்முதல் காணும் பிள்ளை அநேகமாகக் கேட்கும் கேள்வி, "இது எரிமலையா?" என்பதுதான். இல்லை. வன்னியில் மட்டுமல்ல, இலங்கையில் எங்குமே எரிமலை கிடையாது. ஆனால் அந்த இல்லைக்குப் பின்னால் பெரிய கதை ஒன்று இருக்கிறது. அதைக் கல்லைத் தொட்டுக் காட்டிச் சொல்ல நேரம் வேண்டும், களைத்துப் போகாத பிள்ளைகள் வேண்டும், வெயில் ஏறுமுன் முடிக்கிற திட்டம் வேண்டும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு பாறை, ஒரு குகை போதும். மூன்று இடங்களைப் பட்டியல் போட்டுப் புறப்படுகிற குடும்பம் மூன்றாவது இடத்தில் வானை விட்டு இறங்காது.

அம்மம்மா, அப்பப்பா, மாமா, சித்தி, மச்சாள்மார், வெளிநாட்டிலிருந்து வந்த பேரப்பிள்ளைகள் என்று 15, 20 பேர் சேர்ந்து போகிற பயணத்துக்காக எழுதப்பட்டது இது. நாலு இளந்தாரிகள் மோட்டார் சைக்கிளில் போவதற்கு இதில் பாதி தேவைப்படாது.

எந்த மாதம், எத்தனை மணிக்கு

மாசியும் பங்குனியும்தான் நல்ல மாதங்கள். மாரி மழை ஓய்ந்து பாறை காய்ந்திருக்கும், குளங்களில் தண்ணீர் நிற்கும், வெயில் இன்னும் முழுதாக ஏறியிருக்காது. ஐப்பசி முதல் மார்கழி வரை பாறைப் பயணம் வேண்டாம். வழுக்கல் ஒரு காரணம். காட்டுப் பாதையில் வான் புதைவது இன்னொரு காரணம்.

பாடசாலை விடுமுறையையும் வெளிநாட்டு உறவினரின் வருகையையும் பார்த்தால் பலருக்கு ஆவணியில்தான் போக முடிகிறது. போகலாம், ஆனால் இரண்டு விடயங்களை மனதில் வைக்க வேண்டும். கச்சான் காற்று உடம்பின் ஈரத்தை உறிஞ்சும். வியர்வை உடனே காய்ந்து போவதால் பிள்ளைக்குத் தாகம் எடுத்திருப்பதே தெரியாது. அடுத்தது பாலைப்பழம். வைகாசியிலிருந்து ஆடி வரை பாலை பழுக்கும் காலம். கரடிக்கு அந்தப் பழம் உயிர். ஆவணியிலும் கடைசிப் பழங்கள் உதிர்ந்து கிடக்கக்கூடும். பாலை மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் இருக்கும் குகைகளுக்கு அந்தக் காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். வீதியோரமாக, ஆள் நடமாட்டம் உள்ள இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு இப்படி அமையட்டும்: வீட்டிலிருந்து காலை 5 மணிக்குப் புறப்பாடு, 6.30 அளவில் இடத்தில் இறங்குதல், 7 மணிக்கு நடை, 9.30க்குக் கட்டாயம் பாறையை விட்டு இறங்கிவிட வேண்டும். கருங்கல் வெயிலை வாங்கிச் சேர்த்துவைக்கும். பத்து மணிக்குப் பிறகு வெறுங்கால் வைக்க முடியாது, கை ஊன்றி ஏறுகிற பிள்ளைக்கு உள்ளங்கை சுடும். விடிவதற்கு முன்னும் மாலை 4.30க்குப் பின்னும் காட்டுப் பாதையில் இருக்க வேண்டாம், அது யானை நடமாடும் நேரம்.

எங்கே போவது

வவுனியா மாவட்டத்திலும் முல்லைத்தீவு மாவட்டத்திலும்தான் பாறைக் குன்றுகள் இருக்கின்றன. மன்னார் தட்டை நிலம். அங்கே பார்க்க வேண்டியது வேறு.

பெரியபுளியங்குளம், வவுனியா மாவட்டம். பழைய குகைகளும் பிராமி எழுத்துப் பொறிப்புகளும் உள்ள இடம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பொறிப்புகளில் விசாகன் என்ற தமிழ் வணிகன் குறிப்பிடப்படுகிறான். எழுத்து வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

வெடுக்குநாறிமலை, நெடுங்கேணிக்கு அருகே ஒலுமடுவில். புளியங்குளத்தில் ஏ-9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்ப வேண்டும். ஆதிசிவனை வழிபடும் இடம். குருந்தூர்மலை, முல்லைத்தீவு மாவட்டத்தில் தண்ணிமுறிப்புக் குளத்துக்கு அருகே. இந்த இரண்டு இடங்களையும் சுற்றி நீண்ட பிணக்கும் வழக்கும் இருந்துவருகின்றன. போகும் கிழமையிலேயே ஊர்க்காரரிடமோ ஆலய நிர்வாகத்திடமோ கேட்டு, அன்றைக்குப் போகலாமா, எதுவரை போகலாம் என்று உறுதிப்படுத்துங்கள். சிவராத்திரி, பொங்கல் போன்ற விசேட நாட்களில் சிறு பிள்ளைகளோடு சுற்றிப் பார்க்கிற எண்ணத்தில் போக வேண்டாம். வழிபடப் போவதென்றால் அது வேறு.

எந்த இடமானாலும் ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாகக் கூட்டிக்கொள்வது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேன்கூடு எந்த முகப்பில் தொங்குகிறது, நேற்று யானை எந்தப் பக்கம் கடந்தது, எந்தக் காடு இன்னும் துப்புரவாக்கப்படவில்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒரு நாள் கூலியை முன்கூட்டியே பேசிக் கொடுத்துவிடுங்கள், சாப்பாட்டிலும் அவரைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மிதிவெடி

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். போர் முடிந்தது 2009இல். வெடிபொருள் அகற்றும் வேலை வன்னியில் இன்னும் முடியவில்லை. தேய்ந்த பாதையை விட்டு ஒருவரும் இறங்கக் கூடாது, சிறுநீர் கழிப்பதற்கும்கூட. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை, சிவப்பு வெள்ளை அடித்த கட்டைகள், மஞ்சள் நாடா எதைக் கண்டாலும் வந்த வழியே திரும்புங்கள். மழை மண்ணை அரித்துப் புதைந்து கிடந்ததை மேலே கொண்டுவரும் என்பதால் நேற்றுவரை ஒன்றும் இல்லாத இடம் இன்றைக்கும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது. துருப்பிடித்த இரும்புத் துண்டு, குழாய், பேணி போன்ற எதையும் தொடாதே, எடுக்காதே, கல்லெறியாதே என்று புறப்படுமுன் பிள்ளைகளைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை இரண்டு தரம் சொல்ல வேண்டும். கண்டால் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு 119க்கு அறிவியுங்கள்.

ஆட்களைப் பிரிப்பது

18 பேர் என்றால் ஒரு ஹைஏஸ் வானில் அடைக்கப் பார்க்க வேண்டாம். 26 இருக்கை ரோசா பஸ் ஒன்றோ, வானும் காருமாக இரண்டு வண்டியோ எடுங்கள். இரண்டு வண்டி நல்லது. மூட்டுநோவு உள்ளவர்களும் கைக்குழந்தையும் களைத்தவுடன் ஒரு வண்டி அவர்களோடு முன்னால் போய்விடலாம், மற்றவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை.

வயதின்படி மூன்று கூட்டம் வையுங்கள். 5 வயதுக்குக் கீழே உள்ளவர்களும் ஏற முடியாத மூத்தவர்களும் அடிவாரத்து நிழலில். 5 முதல் 9 வயதுவரை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர், கையெட்டும் தூரத்தில். 10 வயதுக்கு மேல் இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர். அடிவாரத்தில் இருப்பவர்களைத் தனியே விடாமல் வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவரை அவர்களோடு நிறுத்துங்கள். பலரும் இதை மறந்து ஓட்டுநரையும் மலைக்கு அழைத்துப் போய்விடுவார்கள்; கீழே ஒருவருக்குத் தலைசுற்றினால் வண்டி நிற்கும், ஓட்ட ஆள் இருக்காது.

ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம் கொடுங்கள். வண்டியை விட்டு இறங்கும்போது, குகைக்குள் நுழையுமுன், வெளியே வந்ததும், திரும்ப ஏறும்போது, 1 முதல் 18 வரை அவரவர் தங்கள் இலக்கத்தைக் கூவ வேண்டும். ஒருவர் தலையை எண்ணுவதைவிட இது பத்திரமானது, ஏனென்றால் எண்ணுபவர் தன்னை எண்ண மறப்பார், ஓடித் திரிகிற பிள்ளையை இரண்டு தரம் எண்ணுவார். வரிசையில் வழிகாட்டி முதலில், நல்ல உடல்பலம் உள்ள ஒருவர் கடைசியில். கடைசி ஆளுக்குப் பின்னால் எவரும் நிற்கக் கூடாது.

தண்ணீரும் சாப்பாடும்

பெரியவருக்கு 3 லீற்றர், பிள்ளைக்கு 2 லீற்றர். 12 பெரியவரும் 6 பிள்ளைகளும் என்றால் 48 லீற்றர். 20 லீற்றர் கான் மூன்று ஏற்றினால் போதும். கை, கால் கழுவ இன்னொரு கான் வேறாக. பாறைக்கு ஏறும்போது ஆளுக்கு 1 லீற்றர் முதுகுப்பையில் இருக்கட்டும், மிச்சம் வண்டியில். அரைமணிக்கு ஒருமுறை எல்லோரும் நின்று குடிக்க வேண்டும். "தாகமில்லை" என்கிற பிள்ளையும் நாலு மிடறு குடிக்கட்டும். உடம்பிழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பொதிகள் நாலைந்து கையில் இருக்கட்டும். ஒரு பொதிக்கு ஒரு லீற்றர் தண்ணீர் என்பது அளவு. அரை லீற்றரில் கரைத்தால் உப்புக் கூடி நன்மைக்குப் பதில் தீமைதான் வரும்.

தேங்காய்ப்பூவோ தேங்காய்ப்பாலோ சேர்ந்த எதையும் கட்டிப்போக வேண்டாம். புட்டும் சம்பலும் விடியற்காலையில் செய்தாலும் மத்தியானத்துக்கு முன் புளித்துவிடும். புளிச்சாதம்தான் நம்பலாம். 18 பேருக்கு 2.5 கிலோ அரிசி, 250 கிராம் பழப்புளி, 350 மில்லிலீற்றர் நல்லெண்ணெய். சோற்றை அகலமான தட்டில் கொட்டி நன்றாக ஆறவிட்ட பிறகுதான் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் ஆவி தண்ணீராகித் திரும்பச் சோற்றிலேயே விழும், கெட்டுப்போவது அங்கிருந்துதான் தொடங்கும். இடையில் கொறிக்க எள்ளுருண்டை, பயற்றம் உருண்டை, முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த கையோடு வாங்கும் வறுத்த கச்சான். வாழைப்பழச் சீப்பைக் கையில் பிடித்தபடி நடக்காதீர்கள்; குரங்கு பிள்ளையின் கையிலிருந்தே பறிக்கும், பறிக்கும்போது கீறும். சாப்பிடத் தாமரை இலை கிடைத்தால் கழுவுகிற வேலையும் இல்லை, குப்பையும் இல்லை. பொலித்தீன் பைகளையும் போத்தல்களையும் ஒன்றுகூட விடாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

கோயில் இருக்கும் இடங்களுக்கு மச்சம் மாமிசம் கொண்டுபோகக் கூடாது என்பதை எல்லா வீட்டுக்கும் முதல்நாளே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தெரியாமல் மீன் ரொட்டி வாங்கி வந்து சங்கடப்படுவார்கள்.

மலசலகூடத்துக்கு வவுனியா, புளியங்குளம், மாங்குளம், நெடுங்கேணி போன்ற இடங்களில்தான் வழி. பாறைக்கு முந்திய கடைசிப் பட்டினத்தில் எல்லோரையும் இறக்கி ஏற்றுங்கள்.

உடுப்பும் காலணியும்

இரப்பர்ச் செருப்பு வேண்டாம். அடியில் வரிகள் உள்ள கன்வஸ் சப்பாத்து, முழங்காலுக்கு மேல் ஏறாத நீளக் காற்சட்டை, தலைக்கு விளிம்புள்ள தொப்பி. கோயில் எல்லைக்குள் சப்பாத்தைக் கழற்ற வேண்டி வரும். வெயில் ஏறிய கல்லில் நடக்கத் தடித்த மேசு ஒன்று பையில் இருக்கட்டும். வாசனைத் தைலம், சென்ட் பூசிக்கொண்டு வர வேண்டாம். அதற்கான காரணம் கீழே வருகிறது.

பாறையில் ஏறுவதும் இறங்குவதும்

பாறையின் நிறத்தைப் பார்த்து நடக்கலாம். வெளிறிய, சொரசொரப்பான பகுதியில் கால் பிடிக்கும். மழைநீர் வழிந்த இடங்களில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் ஓடும், அவை பாசி. காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாது, பனி படிந்த காலையில் அதுவே வழுக்கும். ஏழு மணிக்கு நடக்கத் தொடங்குவதால் இந்தக் கறுப்புப் பட்டைகளைக் குறுக்கே கடக்கும் இடங்களில் பிள்ளையின் கையைப் பிடியுங்கள்.

அடுத்தது தளர்ந்த தட்டுகள். இந்தப் பாறைகள் வெங்காயம் போல் படைபடையாக உரிகின்றன. ஆழத்தில் அழுந்திக் கிடந்த கல், மேலே இருந்த சுமை அரித்துப் போனபின் விரிந்து, மேற்பரப்புக்குச் சமாந்தரமாக வெடிக்கிறது. கைத்தடியால் தட்டினால் உள்ளே இறுகிய கல் "டிக்" என்று ஒலிக்கும். கழன்ற தட்டு பொள்ளல் ஒலி தரும். பொள்ளல் ஒலி கேட்கும் தட்டின் ஓரத்தில் எவரும் நிற்கக் கூடாது.

மூத்தவர்களுக்கு ஏறுவது அல்ல, இறங்குவதுதான் பாடு. முழங்கால் அப்போதுதான் வாங்கும். நுனியில் இரப்பர் போட்ட கைத்தடி கொடுங்கள், நேராக இறக்காமல் வளைந்து வளைந்து இறக்குங்கள், மிகச் சரிவான இடத்தில் உட்கார்ந்து நகர்வதில் வெட்கமில்லை. உதவுபவர் பக்கத்தில் அல்ல, ஒரு படி கீழே நிற்க வேண்டும்.

பெருந்தேனீ பாறை முகப்புகளின் கீழ் பெரிய ஒற்றை அடையாகத் தொங்கும். அது இருக்கும் பக்கத்துக்கு 50 மீற்றருக்குள் போகாதீர்கள். புகை, கல்லெறி, கூச்சல், கடுமையான வாசனை, மேலே பறக்கும் ட்ரோன் எல்லாம் அதைக் கிளப்பும். கர்ப்பூரம் கொளுத்துவதும் புகைதான். கிளம்பிவிட்டால் கையை வீசி அடிக்கக் கூடாது, நசுங்கிய தேனீயின் மணம் மற்றவற்றை அழைக்கும். சிறு பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு, வந்த வழியே நிற்காமல் வண்டி வரை போய்க் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். தண்ணீருக்குள் குதித்தால் தலையைத் தூக்கும் வரை மேலே காத்திருக்கும். கொடுக்கை நகத்தால் வழித்தோ பிடித்து இழுத்தோ உடனே எடுங்கள், தாமதிக்கத் தாமதிக்க மிச்ச நஞ்சும் உள்ளே இறங்கும். மூச்சிரைப்பு, உதடு வீக்கம், உடம்பெங்கும் தடிப்பு என்றால் தாமதிக்காமல் வைத்தியசாலை.

குகைக்குள்

முதலில் உள்ளே போவது வழிகாட்டியும் ஒரு பெரியவரும் மட்டும். வாசலுக்கு 20 மீற்றர் முன்னாலிருந்தே சத்தமாகக் கதைத்துக்கொண்டு போக வேண்டும். பகலில் கரடி குகையிலும் பாறை இடுக்கிலும் உறங்கும். திடுக்கிட்டு எழுந்த கரடிதான் பாயும். பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம், புதிதாகக் கிண்டிய புற்று, மரத்தில் நகக்கீறல் இவற்றைக் கண்டால் அந்தக் குகை இன்றைக்கு வேண்டாம், திரும்பிவிடுங்கள். எல்லோரும் ஒன்றாக, ஓடாமல்.

பாம்புக்காக டோர்ச் வெளிச்சத்தைத் தரையிலும் இடுப்பு உயரத்து விளிம்புகளிலும் ஓட்டிப் பாருங்கள். கை வைக்குமிடத்தைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது என்பதே பிள்ளைகளுக்கான ஒரே விதி. புடையன் அசையாமல் சருகு நிறத்தில் கிடக்கும். கைத்தொலைபேசி வெளிச்சம் போதாது, மின்கலமும் தீர்ந்துவிடும். அவசரத்துக்கு அழைக்க அதுதான் வேண்டும். பெரியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு டோர்ச், பிள்ளையைத் தூக்குபவருக்குத் தலையில் கட்டும் விளக்கு.

வௌவால் அதிகம் உள்ள, எச்சம் குவிந்து மூக்கை அரிக்கும் குகைக்குள் பிள்ளைகளையோ இழுப்பு நோய் உள்ளவர்களையோ கொண்டுபோக வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. வெளியில் நின்று பார்த்தால் போதும். விழுந்து கிடக்கும் வௌவாலைத் தொடவே கூடாது.

நல்ல குகை என்று வழிகாட்டி சொன்னபின் ஐந்தைந்து பேராக உள்ளே போங்கள். நுழைந்ததும் ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் அந்த நேரத்தில்தான் ஓடி முட்டிக்கொள்வார்கள். "கண் எப்போது பழகுகிறது, முதலில் எது தெரிகிறது" என்று கேட்டால் தாங்களாகவே அமைதியாக நிற்பார்கள்.

பிறகு வெளியே வந்து குகையின் நெற்றியைப் பாருங்கள். பல பழைய குகைகளில் வாசலுக்கு மேலே, பாறையின் நெடுக ஒரு காடி வெட்டியிருக்கும். மேலிருந்து வழியும் மழைநீர் பாறையைத் தொட்டபடியே வளைந்து குகைக்குள் வராமல் அந்த விளிம்பில் சொட்டி வெளியே விழுவதற்காக வெட்டியது. எழுத்துகள் பெரும்பாலும் இந்தக் காடிக்குச் சற்றுக் கீழே இருக்கும். நேரே டோர்ச் அடித்தால் ஒன்றும் தெரியாது. டோர்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும். படம் எடுப்பதற்கும் இதே வழிதான். கூட்டல் அடையாளம் போல இருப்பது 'க', நிமிர்ந்த கோடும் அடியில் ஒரு கிடைக்கோடுமாக இருப்பது 'ந'. இந்த இரண்டையும் முதலே தாளில் வரைந்து கொடுத்து, யார் முதலில் கண்டுபிடிப்பது என்று விடுங்கள். பெரியவர்களும் சேர்ந்து தேடுவார்கள்.

எழுத்தைத் தெளிவாக்க என்று சோக், மா, விபூதி, தண்ணீர் எதையும் பூசக் கூடாது. பேர் கிறுக்கக் கூடாது, கல் உடைத்து எடுக்கக் கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி இவை குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக் கூடாதவை: இரண்டாயிரம் ஆண்டு நின்ற எழுத்து, தேய்க்கிற கைகளால் சில ஆண்டுகளில் போய்விடும்.

"இது எரிமலையா?"

இப்போது நிழலில் உட்கார்ந்து அந்தக் கேள்விக்கு வரலாம்.

எரிமலைக் கல் என்பது உருகிய குழம்பு நிலத்துக்கு மேலே வந்து சட்டென்று ஆறியது. விரைவாக ஆறியதால் மணிகள் வளர நேரமில்லை; கறுத்து, நுண்ணியதாக, பலவேளை வாயுக் குமிழ்களின் துளைகளோடு இருக்கும். வன்னிக் கல் அப்படியல்ல. அது நிலத்துக்கு அடியில் 20 கிலோமீற்றருக்கும் ஆழத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் ஒன்றோடொன்று மோதி இணைந்த காலத்தில், அழுத்தத்திலும் வெப்பத்திலும் வெந்து மாறிய கல். புவியியலாளர் இலங்கையின் அடிப்பாறையைப் பிரிக்கும்போது ஒரு பிரிவுக்கு வன்னித் தொகுதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மெதுவாக வெந்ததால் மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவில் வளர்ந்தன. கைவில்லை ஒன்றைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: வெள்ளையும் கண்ணாடிப் பளபளப்புமாகப் படிகக்கல், இளஞ்சிவப்பாகவோ வெண்மையாகவோ களிக்கல், தகடு தகடாக மின்னும் காக்காய்ப்பொன், சில இடங்களில் கருஞ்சிவப்புப் பொட்டுகளாகக் கார்னெட். கறுப்பும் வெளுப்புமான வரிகள், அழுத்தத்தில் மணிகள் வரிசைப்பட்டதன் அடையாளம்.

குகையும் வேறு. எரிமலை நாடுகளில் ஓடும் குழம்பின் மேற்பரப்பு ஆறி ஓடாக இறுக, உள்ளே இருந்த குழம்பு வடிந்து போனால் நீண்ட குழாய்க்குகை மிஞ்சும். கொரியாவின் ஜேஜுத் தீவில் அப்படி ஒன்று 7 கிலோமீற்றருக்கு மேல் நீளம். வன்னிக் குகைகள் அநேகம் உருண்ட பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த இடுக்குகள். அல்லது பாறையின் அடிப்பகுதி ஈரத்தால் அரித்து உள்வாங்கியவை. ஆகையால் இவை ஆழமாகப் போகாது. பிள்ளைகளோடு போக இதுவே வசதி.

"அப்படியென்றால் எரிமலை எங்கே?" என்று அடுத்த கேள்வி வரும். தெற்காசியாவில் இன்றும் உயிர்ப்போடு இருப்பது அந்தமான் கடலின் பாரன் தீவு. தக்காணத்தில் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்துப் படைபடையாக உறைந்தது. அஜந்தாக் குகைகள் குடையப்பட்டது அந்தக் கல்லில்தான்.

கூடவே செய்து காட்ட மூன்று சோதனைகள். கால் தேய்க்க விற்கும் இயற்கை நுரைக்கல் ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள், மிதக்கும். அது உண்மையான எரிமலைக் கல். கடையில் செயற்கைக் கல்லும் விற்பதால் வீட்டிலேயே சோதித்துக்கொண்டு வாருங்கள். காந்தம் ஒன்றைப் பொலித்தீனால் சுற்றி ஓடைமணலில் இழுத்தால் கறுப்பு மணிகள் ஒட்டும், அவை பாறையிலிருந்து உதிர்ந்த இரும்புத்தாது. வினாகிரி ஒரு துளியை இந்தக் கல்லில் விட்டால் ஒன்றும் நடக்காது. மன்னார்ப் பக்கத்துச் சுண்ணக்கல்லிலும் சிப்பியிலும் விட்டால் நுரைக்கும். சிறு கல் ஒன்றை மன்னாரிலிருந்து முதலே எடுத்து வைத்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். எழுத்துள்ள பாறைக்கு அருகே வினாகிரிப் போத்தலைத் திறக்கவே வேண்டாம்.

மத்தியானத்துக்குப் பிறகு

பாறைக்குத் திரும்பாதீர்கள். முல்லைத்தீவுப் பக்கம் வந்தவர்கள் கொக்கிளாய்க் கடற்கரைக்குப் போகலாம். அங்கிருந்து புல்மோட்டை வரை மணலில் கறுப்புப் படைகள் கிடக்கும். எரிமலைச் சாம்பல் என்று பிள்ளைகள் உறுதியாகச் சொல்வார்கள், அது இல்மனைற்று என்ற கறுப்புத் தாது. உள்நாட்டுப் பாறைகள் அரித்து ஆறுகளால் கடலுக்கு வந்த பாரமான மணிகளை அலை பிரித்து ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒரு பிடி கறுப்பு மணலையும் அதே அளவு வெள்ளை மணலையும் இரு கையில் கொடுத்தால் பாரவித்தியாசம் தெரியும். கறுப்பு மணல் வெயிலில் கடுமையாகச் சுடும், 4 மணிக்கு முன் செருப்பில்லாமல் விட வேண்டாம்.

வவுனியாவிலிருந்து புறப்பட்டவர்கள் இன்னொரு நாள் ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்குப் போய்க் கன்னியா வெந்நீரூற்றைப் பார்க்கலாம். இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியது என்பது ஐதீகம். இன்றும் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியை அங்கே நடக்கிறது, ஆகவே அந்தக் குடும்பங்களுக்கு இடைஞ்சலாகப் பிள்ளைகளைக் கும்மாளம் போட விடாதீர்கள். ஏழு கிணறுகளிலும் சூடு சற்றுச் சற்று வேறுபடும். இதுவும் எரிமலைச் சூடு அல்ல: மழைநீர் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 25, 30 பாகை கூடும் நிலச்சூட்டில் காய்ந்து மேலே வருகிறது. வாளித் தண்ணீரை முதலில் பெரியவர் கையில் ஊற்றிப் பாருங்கள். இரத்த அழுத்தமோ இதயநோயோ உள்ளவர்கள் காலை மட்டும் நனைத்தால் போதும்.

மன்னார் போனால் அரிப்பில் டோரிக் மாளிகையின் இடிபாடு. தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அது நிற்கும் கரையைக் கடல் அரித்துவருகிறது, விளிம்பு உள்ளே குடைந்திருக்கும். பிள்ளைகளை ஐந்து மீற்றருக்கு இப்பால் நிறுத்துங்கள்.

குளங்களில் குளிப்பு வேண்டாம். வன்னிக் குளங்களில் முதலை உண்டு, அணைக்கட்டுப் பக்கம் ஆழம் சட்டென்று இறங்கும்.

காயமும் கடியும்

அவசர அம்புலன்ஸ் இலக்கம் 1990, பொலிஸ் 119. காட்டுக்குள் தொலைபேசி எடுக்காத இடங்கள் உண்டு. போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவருக்குச் சொல்லி, இத்தனை மணிவரை அழைப்பு வராவிட்டால் தேடச் சொல்லுங்கள்.

பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கொலுசு, மோதிரம் இருந்தால் கழற்றி, கடித்த காலை ஒரு தடியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் எது கிட்டவோ அங்கே. பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக நேரம் செலவழிக்க வேண்டாம்.

வெயிலில் பிள்ளை பேச்சுக் குறைந்து, முகம் சிவந்து, தலையிடி என்று சொன்னால் உடனே நிழலில் படுக்கவைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி போட்டு, ஜீவனி சிறிது சிறிதாகக் கொடுங்கள். மாறாட்டமாகக் கதைத்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ வாய்வழி ஒன்றும் கொடுக்காமல் 1990ஐ அழையுங்கள்.

வீடு வந்ததும் உடுப்பைக் கழற்றி நேரே வெந்நீரில் ஊறப் போடுங்கள். உண்ணியைத் தேடிப் பாருங்கள்: காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்காலுக்குப் பின்புறம். ஒட்டியிருந்தால் சிறு குறடால் தோலோடு நெருக்கிப் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். நெருப்பு வைப்பதும் எண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். அடுத்த மூன்று கிழமைக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போனதை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். உடம்பில் எங்காவது நோவில்லாத கறுப்புப் பொருக்கு இருந்தால் அதையும் காட்டுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு நல்ல மருந்து இருக்கிறது, ஆனால் அது சாதாரணக் காய்ச்சல் மருந்தல்ல, வைத்தியர் அறிந்தால்தான் கொடுப்பார்.